ஏ கிரேடு தோலுக்குள் ஓர் ஒயரிங் கிட்

ஒயரிங் வேலையில் முக்கால் பங்கு தேடுவது. மிச்சமிருக்கும் கால் பங்குதான் சரிசெய்வது. இன்ஜினில் கோளாறு என்றால் சத்தம் வரும், புகை வரும், ஆயில் ஒழுகும். மின்சாரம் அப்படி எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை. நேற்று எரிந்த விளக்கு இன்று எரியாது, அவ்வளவுதான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரு பேச்சும் மெக்கானிக்கிடம் ஒரு பேச்சுமாக வாங்கிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்தாம்.

நான் இயற்பியல் படித்தவள். ஷூ கம்பெனி ஒன்றின் மெஷின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தேன். இப்போது வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வண்டிகளுக்கு ஒயரிங் செய்து கொடுக்கிறேன். ஒட்டினாற்போல் இருப்பது பஷீர் பாயின் கடை. அவருக்கு இன்ஜின், எனக்கு ஒயர். இன்ஜினைத் தொட நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒயரைத் தொட அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. அபிப்பிராயம் சொல்ல மட்டும் வருவார். இங்கே நான் எழுதியிருப்பவை எல்லாமே ஒரே ஒரு வண்டியால் நேர்ந்தவை.

ஷெட்டுக்கு இருவர்

ஆம்பூரிலிருந்து மினி வேனில் கயிறு போட்டுக் கட்டி ஏற்றி வந்திருந்தார்கள். ஆறு வோல்ட் பேட்டரி, ஒற்றை சிலிண்டர், என்னைவிட வயதில் மூத்த வண்டி. உரிமையாளர் ஞானசேகரன், தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ஃபினிஷிங் பிரிவின் ஃபோர்மேன். தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றும் ஸ்பிரே வேலை அவருடைய பொறுப்பு. வண்டியைப் பார்த்தாலே அது தெரிந்தது. பெட்ரோல் டேங்கில் என் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்ளலாம் போலிருந்தது. வேனின் முன்சீட்டிலிருந்து இறங்கிய அவருடைய மனைவி கலாவதி மட்டும் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சிக்கல் இதுதான். வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டிகளைப் பரிசோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். முதல் முறை தூறல் விழுந்ததும் ஹெட்லைட் அணைந்துபோனது. இரண்டாம் முறை ஹாரனை அழுத்தியபோது டெயில் லாம்ப் எரிந்தது. கலாவதி வீட்டிலேயே மெஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக் கொடுப்பவர். இன்னும் இரண்டு மெஷின் தருவதற்குக் கம்பெனி தயாராக இருந்தது. அவற்றைப் போடுவதற்கு வீட்டில் இருந்த ஒரே இடம் இந்த வண்டி நிற்கும் ஷெட். மாதக் கடைசிக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் மெஷின் வேறு தெருவுக்குப் போய்விடும். ஆகவே கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். மூன்றாம் முறை வண்டி தேறினால் ஷெட் வண்டிக்கு. தேறாவிட்டால் வண்டி பழைய இரும்புக் கடைக்கு, ஷெட் மெஷினுக்கு. இதையெல்லாம் ஞானசேகரன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கலாவதி என்னிடம் நிதானமாகச் சொன்னார்:

"நல்லா பண்ணிக் குடுங்கக்கா, நான் வேணாங்கல. ஆனா முடியாதுன்னு தோணுச்சுன்னா அன்னிக்கே ஒரு போன் போட்டுடுங்க, நான் மெஷினுக்குச் சொல்லணும்."

அறுக்கப்பட்ட அழகு

ஹெட்லைட்டிலிருந்து டெயில் லாம்ப் வரை ஓடும் ஒயர்கள் அத்தனையையும் ஒன்றாகக் கட்டிய கட்டுக்குத்தான் ஒயரிங் கிட் என்று பெயர். வழக்கமாக அதன்மேல் துணி நாடாவோ பிளாஸ்டிக் குழாயோ இருக்கும். இந்த வண்டியில் தோல் இருந்தது. சாதாரணத் தோல் இல்லை. காபிப் பொடி நிறத்தில், வழுவழுப்பாக, ஒரே சீரான தையல் போட்டு உறையாகத் தைக்கப்பட்ட தோல். எத்தனையோ வண்டிகளின் வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகான ஒயரிங்கை நான் கண்டதில்லை. நான் கத்தரியை எடுத்ததும் ஞானசேகரன் என் கைக்கும் வண்டிக்கும் நடுவே வந்து நின்றார். "மேடம், அது ஏ கிரேடு. எக்ஸ்போர்ட்டு போறது. பாத்து," என்றார்.

தையலைப் பிரித்தேன். உள்ளே ஒயர்களின் ரப்பர் உறை பல இடங்களில் வயதால் வெடித்திருந்தது. வெடிப்புகளில் தெரிந்த செம்புக் கம்பி பச்சை நிறத்தில் பூத்துப்போயிருந்தது. விரலால் தேய்த்தபோது மாவாக உதிர்ந்தது. பதனிடும்போது பச்சைத் தோலை உப்பில் போடுகிறார்கள், அமிலத்தில் ஊறவைக்கிறார்கள், குரோம் ஏற்றுகிறார்கள். எவ்வளவு கழுவினாலும் அவற்றில் கொஞ்சம் தோலுக்குள் தங்கிவிடும். வெயில் நாளில் அது சாதுவாகக் கிடக்கும். மழையில் தோல் தண்ணீரைக் குடித்ததும், அந்த ஈரத்தில் கரைந்த உப்பு செம்பை அரிக்கும். ஒயருக்கு ஒயர் மின்சாரத்தையும் கசியவிடும். தூறலில் ஹெட்லைட் அணைந்ததன் காரணம் என் உள்ளங்கையில் பச்சைப் பொடியாக இருந்தது. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் ஞானசேகரனே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தம் தொழிலை அறிந்தவர் அல்லவா. விரலில் ஒட்டிய பச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கம்பெனில தோல்ல உப்பு நிக்குதுன்னு பசங்கள திட்டறவன் நானு. வூட்ல ஒயரை ஊறுகா போட்டு வெச்சிருக்கேன்."

காணாமல்போன ஐலெட்டுகள்

ஹாரனை அழுத்தினால் டெயில் லாம்ப் எரியும் மர்மம் ஹெட்லைட் கூட்டுக்குள் இருந்தது. ஒயரின் முனையை ஸ்குரூவில் இறுக்க வேண்டுமானால், அந்த முனையில் வளையம் போன்ற ஒரு டெர்மினலைப் பொருத்துவது முறை. இங்கே ஒவ்வொரு முனையிலும் கறுப்பாகப் பளபளத்தது என்னவென்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஷூவில் லேஸ் கோக்கும் ஓட்டையைச் சுற்றிப் பதிக்கும் ஐலெட். பித்தளையில் செய்ததுதான், ஆனால் மேலே கறுப்பு லாக்கர் பூச்சு. மின்சாரம் அந்தப் பூச்சைத் தாண்டிச் செல்ல முடியாமல், கிடைத்த சந்து பொந்தெல்லாம் புகுந்து, கடைசியில் டெயில் லாம்ப் வழியாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆம்பூரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இப்படியொரு பழுது நேர முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

மொத்தத்தையும் கழற்றி ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தேன். அன்று நூல்கண்டு வாங்க லாங் பஜாருக்கு வந்த கலாவதி, "முடியாதுன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா" என்று நலம் விசாரிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தம் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டார்.

"டப்பால ஐலெட் கொறைஞ்சுக்கினே வருதேன்னு, தைக்க வர்ற பொண்ணுங்க மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தேங்கா. திருடன் என் கையாலயே சோறு தின்னுட்டு பக்கத்துலயே தூங்கியிருக்கான்."

பலகையில் வரைந்தது

பழைய கிட்டை நான் ஒருபோதும் துண்டு துண்டாகக் கழற்றுவதில்லை. மீன் முள்ளை எடுப்பதுபோல முழுதாக உருவி எடுத்து, ஒரு பிளைவுட் பலகைமேல் படுக்கவைத்து, எங்கே எந்தக் கிளை பிரிகிறதோ அங்கே ஓர் ஆணி அடித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். புதிய ஒயர்களை அந்த ஆணிகளைச் சுற்றியே ஒவ்வொன்றாக ஓட்டிக் கட்ட வேண்டும். இந்த வண்டியில் யார் யாரோ செய்த ஒட்டு வேலையில் அத்தனை ஒயரும் சிவப்பாகவே இருந்தன. நான் பழைய முறைப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். ஹேண்டில்பாருக்குப் போகும் கிளைக்கு மட்டும், இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, இழுக்காமலும் தொங்காமலும் இருக்கும்படி நீளம் விட்டேன். இந்தக் கிளையில் ஒரு விரல்கடை குறைந்தாலும், ஏதோ ஒரு வளைவில் வண்டி இருட்டாகிவிடும்.

பஷீர் பாய் தினமும் வாசற்படியில் நின்று பார்ப்பார். முதல் நாள், "இன்னா மேடம், ஒயரிங்கா, கல்யாண சீருக்கு முறுக்கா" என்றார். மறுநாள், "வெளக்கு எரிஞ்சா போதாதா, இவ்ளோ பேஜார் எதுக்கு" என்றார். கட்டி முடித்து, துணி நாடாவைச் சுற்றி, பலகையிலிருந்து எடுத்தபோது அவரையே அழைத்து, இணைப்பு சரியாக இருந்தால் கூவும் மீட்டரைக் கையில் கொடுத்தேன். அவர் வேண்டுமென்றே கிட்டின் ஒரு கோடியில் ஏதாவது ஒரு நிறத்தைத் தொட்டு, மறு கோடியில் அதே நிறத்தைத் தேடி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மீட்டர் கூவியது. பச்சை கூவியது, நீலம் கூவியது, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டதும் கூவியது. தவறு கண்டுபிடிக்கும் ஆசை தீர்ந்ததும் மீட்டரைக் கீழே வைத்தார்.

"நம்ம வேலைல ஒயருன்னா, குப்பைல கெடக்கற சிக்கு நூலுன்னு நெனச்சிருந்தேன் மேடம். இது பொண்ணு ஜடைய பின்னி வுட்ட மாதிரில்ல இருக்கு."

நாணயம் அளவு இடம்

கிட்டை வண்டியில் ஏற்றினேன். இனி எர்த். பேட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர வேண்டும். அங்கே பெயிண்ட் இருக்கக் கூடாது. ஞானசேகரன் சட்டத்துக்கு எத்தனை கோட் அடித்திருந்தாரோ, அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக்கு அடியில் இன்னொரு கறுப்புதான் வந்தது. டேங்குக்கு அடியில், யார் கண்ணிலும் படாத, ஒரு நாணயம் அளவு இடம்தான். அவர் சந்து முனைவரை போய் நின்றுகொண்டார். வெள்ளையாக இரும்பு தெரிந்ததும் வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்கி, திரும்பி வந்தவரிடம் அதை ஏன் மூடக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி முடித்தேன். வாடிக்கையாளர்கள் தலையாட்டுவதை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அப்போது தலையை ஆட்டிக்கொண்டே, அந்த இடத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வேணும்னா எம்மேல ஒரு கீறு போட்டுக்குங்க மேடம். அதும்மேல பாக்கறதுக்கு எனக்கு தெம்பு இல்ல."

குளியல்

இந்த வண்டியின் எதிரி மழை. ஆகவே மழைக்குக் காத்திராமல் நாங்களே பெய்தோம். பஷீர் பாய் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டார். ஹெட்லைட், டெயில் லாம்ப் இரண்டையும் போட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பியபடி நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் தூறலாக, பிறகு அடைமழையாக, இறுதியில் அவருக்கே உற்சாகம் வந்து புயலாகவும் அடித்தார். ஹாரன் ஒரே குரலில் ஒலித்தது. பிரேக்கை மிதித்தபோதெல்லாம் பின்னால் சுவரில் சிவப்பு விழுந்தது. சந்தில் தள்ளுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஒரு முறை, ஒரே ஒரு முறைகூட வெளிச்சம் மங்கவில்லை. நான் புடவையைப் பிழிந்துகொண்டு இறங்கினேன். அந்த நேரத்தில் என் மனத்தில் பணிவு என்பது மருந்துக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாமும் சொட்டச் சொட்ட நனைந்திருந்த பஷீர் பாய் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்:

"நானு நடுங்கறேன் மேடம், உங்க லைட்டு நடுங்கல."

மைதானத்தில்

பரிசோதனை நாளன்று, ஆம்பூர்ப் பக்கம் இருந்த ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு ஞானசேகரன் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். இந்த வண்டியில் இன்ஜினுக்கு வேண்டிய மின்பொறியை மேக்னெட்டோ தனியாகத் தந்துவிடும். பேட்டரி இல்லாவிட்டாலும் ஓடும். கலாவதி, தைத்து முடித்த அப்பர்களைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு, பையோடு நேராக வந்திருந்தார். முடிவு எதுவானாலும் அன்றே மெஷினுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள் இருந்தபோது, ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று நான் ஸ்விட்சைத் திருப்பினேன். ஹெட்லைட் எரியவில்லை. ஹாரன் பேசவில்லை. பிரேக்கை மிதித்தேன், பின்னால் இருட்டு.

வரும் வழியில் ஹாரன் அடித்தீர்களா என்று கேட்டேன். "இல்ல மேடம். ஹாரன் தேஞ்சிடக் கூடாதுன்னு, வழியெல்லாம் வாயாலயே 'ஓரம், ஓரம்'னு கத்திக்கினு வந்தேன்," என்றார். சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்காமல் டேங்கையே பார்த்தது. நான் குனிந்து அடியில் பார்த்தேன். எர்த் இருந்த இடம் கண்ணாடிபோல் மின்னியது. வெள்ளையாக ஓர் இடம் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் கழற்றி, ஸ்பிரே அடித்து, காயவைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். போல்ட்டையும் வாஷரையும்கூட விட்டுவைக்கவில்லை. என் கருவிப் பெட்டியோ வேலூரில் இருந்தது. வண்டியிலிருந்த ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றிவிட்டேன். ஆனால் அந்தப் பூச்சு நகத்துக்கு மசியவில்லை. சாவியால் கீறினேன், வழுக்கியது. முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. ஞானசேகரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பேசாமல் நின்றிருந்தாலே கலாவதிக்கு ஷெட் கிடைத்திருக்கும். அவர் பையைத் திறந்து, பிசிர் நூலை வெட்ட வைத்திருக்கும் சின்னக் கத்தரியை எடுத்து என் கையில் வைத்தார். அதன் முனையால் சுரண்டினேன். சட்டத்தில், போல்ட்டில், வாஷரில் என மூன்றிலும் இரும்பு பல்லைக் காட்டும்வரை சுரண்டினேன். இறுக்கினேன். ஸ்விட்சைத் திருப்பியதும் ஹெட்லைட் பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தது. நான் நிமிர்ந்து கலாவதியைப் பார்த்தேன். என் பார்வையில் இருந்த கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜெயிச்சா நான் ஜெயிக்கணுங்கா. இவரு பெயிண்ட்டு ஜெயிச்சு எனக்கு ஷெட்டு வர வேணாம்."

இன்ஸ்பெக்டர்

பிரேக் இன்ஸ்பெக்டருக்கு வண்டி நினைவிருந்தது. முகத்தில் அது தெரிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் விரலால் காட்டினார். பிரைட், எரிந்தது. டிம், எரிந்தது. டெயில் லாம்ப், நம்பர் பிளேட் விளக்கு, பிரேக் லைட். பிறகு, போன முறையை மறக்காதவராகப் பின்னால் போய், டெயில் லாம்ப் அருகே குனிந்து நின்றுகொண்டு, "இப்ப ஹாரன் அடிங்க," என்றார். ஞானசேகரன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். ஹாரன் மைதானம் முழுவதும் கேட்டது. டெயில் லாம்ப் சிமிட்டவும் இல்லை.

அவர் நிமிர்ந்தார். "ஒயரிங் யாரு?" ஞானசேகரன் என்னைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் என்னையும், என் கையிலிருந்த நூல் கத்தரியையும் பார்த்தார். தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தைக் கொடுத்தார். அடுத்த வண்டியை நோக்கி இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"என் ஸ்கூட்டர்ல இண்டிகேட்டர் எரிஞ்சு ஒரு மாசமாவுது. எப்ப கொண்டாரலாம், மேடம்?"

தீர்ப்பு

ஞானசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. காகிதத்தை ஒரு முறை என்னிடமும் ஒரு முறை மனைவியிடமும் காட்டினார். ஒப்பந்தப்படி ஷெட் வண்டிக்கு; அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை. நான் கத்தரியைத் துடைத்துக் கலாவதியிடம் நீட்டினேன். அதன் முனை மழுங்கிவிட்டிருந்தது. புதிது வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வந்த நாளிலிருந்து அன்றுதான் முதன்முதலாக வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பின்சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கம்பெனி சூப்பர்வைசரை அழைத்து, "மெஷின் ரெண்டும் நாளைக்கே அனுப்பிடுங்க சார், எடம் ரெடி," என்றார். ஞானசேகரன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். கலாவதி பையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைத் தட்டினார்.

"ஓடாத வண்டிக்குத்தான்யா ஷெட்டு வேணும், ஓடற வண்டிக்கு இன்னாத்துக்கு? நாளையிலேந்து அப்பர் மூட்டைய கட்டி என்னைக் கம்பெனிக்கு இட்டுனு போ. இப்ப ஹாரனடி, கேப்போம்."

அடித்தார், மைதானத்தின் கேட்டைத் தாண்டும்வரை கையை எடுக்காமல் அடித்தார்.

ஆகவே பழைய வண்டிக்கார வாசகர்களே, நான் ஒயரிங் செய்தால் வெயிலானாலும் மழையானாலும் வெளிச்சத்துக்கு உத்தரவாதம் உண்டு, ஷெட்டுக்கு மட்டும் கிடையாது.